சிவப்பு கவுன் போட்ட பாப்பா

அந்தப் பாப்பாவை உண்டாக்கினது நான்தான். அவளுக்கு நாலு வயது, சிவப்பு கவுன் போட்டிருந்தாள், சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். சால்ட் லேக்கில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடி பால்கனியில், குளிர் தொடங்கிய ஒரு காலையில், என் மகள் வாய்க்குள் ஒரு கவளம் பருப்பு சாதம் போவதற்காக அவள் பிறந்தாள்.

என் கணவருக்கு மத்திய அரசு வேலை. திருநெல்வேலியிலிருந்து மாற்றலாகி இங்கே வங்காளத்துக்கு வந்து மூன்று வருஷம். மகளுக்கு நாலரை வயது. நான் எம்.எஸ்ஸி., பி.எட். படித்தவள். குழந்தைகளைப் பயமுறுத்திச் சாப்பிட வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன், மற்ற அம்மாக்களுக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் தடுப்பூசி அட்டையில் மகளின் எடை காட்டும் புள்ளி கோட்டுக்குக் கீழே இருந்தது. ஞாயிறுதோறும் மாமியார் வீடியோவில் அவள் கன்னத்தைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு ஒழுங்காச் சோறு போடுதியா இல்லியா?" என்பார். நான் போடுகிறேன், அவள் தின்பதில்லை என்று பதில் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும்.

குளிர் வந்தால் இந்த ஊர்த் தெருக்களில் மெத்தைக்காரர்கள் வருவார்கள். தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு வில், அதில் முறுக்கேறிய நரம்பு. முதுகில் பஞ்சு மூட்டை. நரம்பைச் சுண்டிக்கொண்டே நடப்பார்கள், அதுதான் அவர்கள் கூவல். டொய்ங், டொய்ங் என்று இரண்டு தெரு தள்ளியும் கேட்கும். கூப்பிட்டால் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து, கட்டி தட்டிப்போன பழைய பஞ்சை அந்த வில்லால் அடித்துப் பஞ்சுமிட்டாய் மாதிரி ஆக்கி, லேப் தைத்துக் கொடுப்பார்கள். பஞ்சு வைத்துத் தைத்த கனமான போர்வைக்கு இங்கே லேப் என்று பெயர். எங்கள் தெருவுக்கு வருகிறவர் பீகார்க்காரர், ஐம்பது வயதிருக்கும், பழுப்பு நிறச் சால்வை. முந்தின குளிருக்கு எங்கள் லேப்பையும் அவர்தான் தைத்தார்.

அன்று மகள் நாலாவது வாயோடு உதட்டை மூடிக்கொண்டாள். கீழே டொய்ங் என்று கேட்டது.

"அம்மா, அது என்ன?"

"புள்ளபுடிக்கிறவன். சாப்பிடாத புள்ளைகளப் புடிச்சு மூட்டையில போட்டுக்கிட்டுப் போயிருவான்."

"பொய்."

"பொய்யா? போன வாரம் ஒரு பாப்பாவப் புடிச்சுட்டுப் போனானே."

"எந்தப் பாப்பா?"

"ஒரு நாலு வயசுப் பாப்பா. உன்ன மாதிரிதான், வாயத் தொறக்கவே மாட்டா."

"நீ பாத்தியா?"

"என் ரெண்டு கண்ணால பாத்தேன்."

அவள் யோசித்தாள். எளிதில் நம்புகிற பிள்ளை இல்லை. "என்ன கவுன் போட்டிருந்தா?"

"செவப்பு."

வாய் திறந்தது. கிண்ணம் காலியாகும் வரை திறந்து மூடியது. எனக்கு அன்று சந்தோஷமாகக்கூட இருந்தது. கிண்ணத்தைக் கழுவி வைக்கும்போதே நான் அந்தப் பாப்பாவை மறந்துவிட்டேன்.

என் மகள் மறக்கவில்லை. அவளுக்குத் தமிழை விட வங்காளி நன்றாக வரும். நர்சரியில், பூங்காவில், கீழ்வீட்டுச் சிநேகிதியோடு எல்லாம் அந்த மொழிதான். அந்தச் சிநேகிதியின் அம்மாவை நான் பௌதி என்று கூப்பிடுவேன், அண்ணி என்று அர்த்தம். பௌதி எனக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே தோழி. மீன் வாசம் எனக்கு ஆகாது என்று தெரிந்து, நான் போகும்போதெல்லாம் ஜன்னலைத் திறந்து வைப்பவர்.

எங்கள் குடியிருப்புக்கு போனில் ஒரு குழு உண்டு. தண்ணீர் வராத நேரம், லிஃப்ட் பழுது, பூஜைக்கு யார் யார் என்ன சமைப்பது எல்லாம் அதில் வரும். பாதி ஆங்கிலம், பாதி வங்காளி எழுத்து. வங்காளி எனக்குக் காய்கறி வாங்குகிற அளவுக்குப் பேச வரும், படிக்க வராது. ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் வங்காளியில் சின்னதாக ஒரு செய்தி வந்தது. அதன் கீழே சிவப்பு ஆச்சரியக்குறிகளாகக் குவிந்தன. நான் வழக்கம் போல அதை நகலெடுத்து மொழிபெயர்க்கிற செயலியில் போட்டேன். தமிழில் வந்தது: "எல்லோரும் கவனம். எங்கள் பகுதியில் பையன் பிடிபட்டான்."

எந்தப் பையன்? யார் பிடித்தார்கள்? நான் எழுந்து போய்க் கதவின் இரண்டு தாழ்ப்பாளையும் போட்டேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இருக்கிறாளா என்று போய்ப் பார்த்தேன், மூச்சு வருகிறதா என்றும் பார்த்தேன்.

மறுநாள் அதே செய்தி ஆங்கிலத்தில், நீளமாக, வேறு ஒருவர் மூலம் வந்தது. சால்ட் லேக்கில் குழந்தை கடத்துகிறவர்கள் சுற்றுகிறார்கள். பஞ்சு வியாபாரி போல வேஷம். பெரிய மூட்டை. கையில் வில் மாதிரி ஆயுதம். சென்ற வாரம் நாலு வயதுப் பெண் குழந்தையை மூட்டையில் போட்டுத் தூக்கிச் சென்றிருக்கிறார்கள், சிவப்பு கவுன் அணிந்திருந்தாள். ஒரு தாய் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். போலீஸ் மறைக்கிறது. உங்கள் குழந்தையை நேசிக்கிறீர்கள் என்றால் இதை எல்லோருக்கும் அனுப்புங்கள்.

படிக்கும்போது அந்தக் குழந்தையின் அம்மா இப்போது எப்படி இருப்பாள் என்று நினைத்து அழுதேன். மகளின் சிவப்பு கவுனை, தீபாவளிக்கு எடுத்தது, பீரோவின் அடித்தட்டில் செருகி வைத்தேன், அந்த நிறம் அவர்களை இழுக்குமோ என்று. அவளை நர்சரிக்கு அனுப்பவில்லை. அப்புறம் அந்தச் செய்தியை, "தயவுசெய்து கவனமாக இருங்கள்" என்று மேலே எழுதி, எனக்குத் தெரிந்த பதினோரு அம்மாக்களுக்கு அனுப்பினேன். நேசிக்கிறேன் அல்லவா?

அந்த மூன்று நாளும் போனை நான் கீழே வைக்கவில்லை. அடுப்பில் ரசம் பொங்கி வழிந்தது. ஒரு டாக்டர், இரண்டாவது மாடியில் இருக்கிறவர், ஆங்கிலத்தில் கேட்டார்: "எந்தக் குழந்தை? பெற்றோர் யார்? யாராவது காவல் நிலையத்தில் கேட்டீர்களா?" ஐந்து நிமிஷத்துக்குள் பதில்கள் வந்து விழுந்தன. "உங்களுக்குக் குழந்தை இல்லை, புரியாது." "உங்கள் வீட்டில் நடந்தால் இப்படிக் கேட்பீர்களா?" அவர் குழுவிலிருந்து வெளியேறினார். வெளியேறினார் என்ற அந்தச் சாம்பல் நிற வரியைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும். பயந்துகொண்டிருக்கும்போது சந்தேகம் கேட்கிறவர் எதிரி மாதிரித் தெரிகிறார். பயப்படுகிறவர்களெல்லாம் சொந்தக்காரர்கள்.

வெள்ளிக்கிழமை குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பௌதியின் குரல். வேகமாக, மூச்சு வாங்க, வங்காளியில். காதால் கேட்டால் எனக்குப் பாதி புரியும். "நம்ம கட்டடத்துலயே இருக்கிற ஒரு அம்மா... கண்ணால பாத்திருக்கா..." என்று வந்தது. நடுவில் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. செலேதொரா, செலேதொரா.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மகளை உட்கார வைத்தேன். தோசை. இரண்டாவது விள்ளலில் அவள் கேட்டாள்.

"அம்மா, அந்தச் செவப்பு கவுன் பாப்பா திரும்பி வந்துட்டாளா?"

"உனக்கு யாரு சொன்னா?" என்றேன். யாரோ பெரியவர்கள் பேசியதைக் கேட்டிருக்கிறாள் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"நீதானே சொன்ன. புள்ளபுடிக்கிறவன் மூட்டையில போட்டான்னு."

தோசை என் கையில் அப்படியே நின்றது.

"இத யார்கிட்டயாவது சொன்னியா கண்ணு?"

"கீழ்வீட்டுல சொன்னேன். அவங்களுக்குப் புள்ளபுடிக்கிறவன்னா தெரியல. கொழந்தைங்களப் புடிக்கிறவன்னு சொன்னேன். அந்த ஆன்ட்டி, ஓ, செலேதொரான்னாங்க."

செலே என்றால் பிள்ளை. தொரா என்றால் பிடிப்பது. செவ்வாய்க்கிழமை செயலி சொன்ன பையன் பிடிபட்டான் இல்லை. பிள்ளைபிடிக்கிறவன். மூன்று நாளாக நான் கதவுக்குத் தாழ் போட்டு, கவுனை ஒளித்து, தெரியாத ஒரு தாய்க்காக அழுதது என் சொந்த வார்த்தைக்கு. அது வீட்டை விட்டு வங்காளியாகப் போய், ஆங்கிலமாகத் திரும்பி வந்து என்னை மிரட்டியிருந்தது. கண்ணால் பார்த்த அந்தத் தாய் நான்தான்.

முதலில் நினைத்தது மெத்தைக்காரரை அல்ல. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். முதலில் நினைத்தது, இது தெரிந்தால் எங்களை என்ன சொல்வார்கள் என்பதுதான்.

கணவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

"குரூப்புல எழுதிரட்டுமா?"

"என்னன்னு எழுதுவ? நான் பொய் சொன்னேன்னா? சொசைட்டி செக்ரட்டரி என் ஆபீஸ்லதான் இருந்து ரிட்டயர் ஆனாரு. அங்க போய்ச் சொல்லுவாங்க. நமக்கு இது ஊரும் இல்ல, பாஷையும் இல்ல. நாலு நாள்ல தானா அடங்கிரும். நீ எதுக்கு இதுல தலையக் குடுக்க?"

"அந்த ஆளு வந்தார்னா?"

"வரமாட்டாரு. இதெல்லாம் கேள்விப்படாமயா இருப்பாரு?"

மெத்தைக்காரரிடம் குழுவெல்லாம் வருகிற மாதிரி போன் கிடையாது என்று எனக்குத் தெரியும். சின்னப் பொத்தான் போன் ஒன்றைச் சட்டைப்பையில் கயிறு கட்டி வைத்திருப்பார். ஊரெல்லாம் அவரைப் பற்றிப் பேசுகிறது, அவருக்கு மட்டும் அது கேட்காது. சனிக்கிழமை முழுக்க ஒரே செய்தியைத் தட்டினேன், அழித்தேன். ஆங்கிலத்தில் எழுதினால் திமிராகத் தெரியும். வங்காளியில் எழுத வேண்டுமென்றால் அந்தச் செயலியை நம்ப வேண்டும், பையன் பிடிபட்டான் என்று சொன்ன செயலியை. "ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது" என்று ஆரம்பித்தேன். சின்னதா? அழித்தேன். குழுவில் என் பெயரோடு "தட்டச்சு செய்கிறார்" என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பௌதி தனியாகக் கேட்டார்: "என்ன, ரொம்ப நேரமா எழுதுற? ஏதாவது பாத்தியா?" நான் "இல்லை பௌதி" என்று மட்டும் போட்டேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு டொய்ங் என்று கேட்டது.

அந்தச் சத்தம் கேட்ட அரை நிமிஷத்தில் குழுவில் வரிகள் ஓடத் தொடங்கின. "இரண்டாம் கேட் பக்கம்." "நானும் பார்த்தேன்." "கேட்டை மூடுங்கள்." "யாரும் தனியாகப் போக வேண்டாம், எல்லோரும் சேர்ந்து போவோம்." ஒருவர் கைத்தடி படம் போட்டார். பால்கனியிலிருந்து பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டது.

அந்த நொடியில் எனக்குத் தைரியம் வந்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். கட்டிலில் கிடந்த லேப்பை உருவித் தோளில் போட்டேன். கணவர் குளியலறையில். மகளைத் தனியாக விட முடியாது, கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினேன். இறங்கும்போதே, குழந்தையைக் கூட்டிக்கொண்டு போவது சரியா என்று யோசித்தேன். இரண்டாம் மாடியில் ஒரு தரம் நின்றேன். பிறகு இறங்கினேன்.

கேட்டுக்கு உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். அவரை நடுவில் நிறுத்தியிருந்தார்கள். மூட்டை அவிழ்ந்து பஞ்சு தரையெல்லாம் பறந்துகொண்டிருந்தது. எல்லோர் கையிலும் போன், எல்லாம் அவர் முகத்தை நோக்கி. குரங்குக் குல்லா போட்ட செக்ரட்டரி அவருடைய அடையாள அட்டையை வெயிலில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீகார்ல எந்த ஊரு? இங்க யாரத் தெரியும்? யார் உன்ன உள்ள விட்டது?"

"வருஷா வருஷம் வர்றேன் பாபு. உங்களுக்கும் தெச்சிருக்கேனே."

"பாரு, நம்மளயே அடையாளம் வச்சிருக்கான்!" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "வீடு வீடாப் பாத்து வச்சிருக்கான்!"

அவர் சொன்ன உண்மை ஒவ்வொன்றும் அவருக்கு எதிராகவே திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு இளைஞர் வில்லைப் பிடுங்கித் தரையில் தட்டிப் பார்த்தார். நரம்பு முனகியது.

அப்போது என் மகள் அவரைப் பார்த்தாள். வில்லைப் பார்த்தாள். என் புடவையைப் பிடித்துக்கொண்டு, குடியிருப்பே கேட்கும்படி அலறினாள்.

"புள்ளபுடிக்கிறவன்! அம்மா, புள்ளபுடிக்கிறவன்!"

எல்லோரும் திரும்பினார்கள். போன்களும் திரும்பின.

"குழந்தை அடையாளம் காட்டுது!" என்றார் ஒருவர்.

"என்ன சொல்றா? என்ன சொல்றா அவ?" பௌதி என்னைப் பார்த்துக் கேட்டார். "அது உங்க பாஷைதானே? சொல்லு, என்ன சொல்றா?"

அங்கே தமிழ் தெரிந்தவர்கள் மூன்று பேர். நான், என் மகள், மாடியில் தலை துவட்டிக்கொண்டிருந்த என் கணவர். பஞ்சு என் செருப்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவர், அந்த மெத்தைக்காரர், என்னையே பார்த்தார். என் வாயிலிருந்து வரப்போகும் வார்த்தையில்தான் தன் கதி இருக்கிறது என்று அவருக்குப் புரிந்திருந்தது. நான் யார் என்று மட்டும் புரிந்திருக்காது.

"லேப்காரர்னு சொல்றா," என்றேன் என் உடைந்த வங்காளியில். "எங்க லேப்காரர் வந்துட்டார்னு சொல்றா. அந்த வில் சத்தம்னா அவளுக்குப் பயம். நான்தான் இவர வரச் சொன்னேன். இதோ." தோளிலிருந்த லேப்பைக் கீழே போட்டேன்.

"நீ வரச் சொன்னியா?" செக்ரட்டரி குல்லாவை நெற்றிக்கு ஏற்றினார். "குரூப்புல ஒரு வார்த்த போடக் கூடாதா?"

"மறந்துட்டேன், தாதா." அண்ணன் என்றுதான் அர்த்தம். வந்த புதிதில் அந்தச் சொல்லைக் கேட்டு ஊரெல்லாம் ரவுடிகளா என்று பயந்திருக்கிறேன்.

"இந்த மதராஸிகளுக்குக் குளிரே ஆகாது," என்றார் யாரோ. "ரெண்டு டிகிரி எறங்குனா லேப்பத் தூக்கிட்டு ஓடி வந்துருவாங்க."

சிலர் சிரித்தார்கள். சிரிக்கிற கூட்டம் அடிக்காது என்று நினைத்துக்கொண்டேன், அது சரியா என்று தெரியாமலே.

அவர் எங்கள் கட்டட வாசலில் உட்கார்ந்து லேப்பைப் பிரித்தார். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டேன், எழுந்து போக எனக்குப் பயம். கூட்டம் உடனே கலையவில்லை. நரம்பைச் சுண்டியபோது முதல் சில அடிகளில் சத்தமே சரியாக வரவில்லை. அரை மணி கழித்துச் செக்ரட்டரி இரண்டு தலையணைகளோடு வந்து, "வந்ததுதான் வந்தான், இதையும் அடிச்சுக் குடுக்கச் சொல்லு," என்றார். அப்புறம் இன்னொருவர். குழுவில் வந்தது: "மெத்தைக்காரர் எங்கள் கட்டட வாசலில் இருக்கிறார், ஒரு மணி வரை." கைத்தடி படம் போட்டவர் கட்டைவிரல் படம் போட்டார்.

வேலை முடிந்து கணவர் அவரைப் பேருந்து நிறுத்தம் வரை கூடவே போய் ஏற்றிவிட்டு வந்தார். அவருடைய போன் எண்ணையும் வாங்கி வந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே.

அன்று மதியம் பௌதி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். எல்லாவற்றையும். ஜன்னல் மூடியே இருந்தது.

"உன் பொய்க்கு நான் குரல் குடுத்திருக்கேன்," என்றார் பௌதி. "என் குரல் இப்ப எங்கெங்கெல்லாம் போயிட்டிருக்குன்னு தெரியுமா? ஹவுராவுல இருக்கிற என் தங்கச்சிக்கே வேற யாரோ அனுப்பி, 'அக்கா, இது உன்ன மாதிரியே இருக்கே'ன்னு கேக்குறா."

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே பௌதி."

"நீ பாத்தேன்னு உன் பொண்ணு சொன்னா. பாத்தவகிட்டப் போய் மறுபடியும் அதையே பேசி எதுக்கு அழ வைக்கணும்னு விட்டேன்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நீ மூணு நாளா வெளிய வரலியே. பயந்து கெடக்குறான்னுதான் நெனச்சேன்."

அது உண்மைதான். பயந்துதான் கிடந்தேன்.

என் மன்னிப்பை அவர்தான் வங்காளியில் தட்டிக் கொடுத்தார். குழுவில் போட்டோம்: அந்தக் குழந்தை கிடையாது, என் மகளைச் சாப்பிட வைக்க நான் சொன்ன கதை, தவறு என்னுடையது. நான்கு கட்டைவிரல்கள் வந்தன. ஒருவர், "எதுவானாலும் கவனமா இருக்கிறது நல்லதுதான்" என்றார். இன்னொருவர் எனக்குத் தனியாக எழுதினார்: "உண்மையைச் சொல்லுங்கள், யாராவது மிரட்டி இப்படி எழுத வைத்தார்களா?" அதற்குள் யாரோ ஒரு தேநீர்க் கோப்பை படத்தோடு மாலை வணக்கம் போட, என் மன்னிப்பு மேலே நகர்ந்து மறைந்துவிட்டது. நான் அனுப்பிய பதினோரு அம்மாக்களுக்கும் தனித்தனியாக எழுதினேன். மூவர் பதில் போட்டார்கள். ஒருத்தி நான் சொன்னதை நம்பி நியூ டவுனில் தன் குடியிருப்பில் பழைய துணி வாங்க வருகிற பெண்ணையே உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஆனால் எங்கள் பகுதிக்கென்று இணையத்தில் இருக்கும் பெரிய பக்கத்தில் ஒரு சின்ன வீடியோ ஏறியிருந்தது. பஞ்சு பறக்கிறது, அவர் முகம் தெரிகிறது, என் மகள் அலறுகிறாள். அந்த இடத்தோடு முடிகிறது. நான் லேப்பைக் கீழே போடுவது அதில் இல்லை. "குழந்தையே அடையாளம் காட்டியது" என்று மேலே எழுதியிருந்தது. அங்கும் எழுதினேன், அந்தக் குழந்தையின் அம்மா நான் என்று. "இந்தப் பெண் யார்? எவ்வளவு வாங்கினாள்?" என்று ஒருவர். "இப்படிப்பட்ட அம்மாவிடமிருந்துதான் குழந்தையைக் காப்பாற்ற வேண்டும்" என்று ஒருவர். அதைப் படித்துவிட்டு, அவர் சொல்வது சரிதானோ என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். வீடியோவை எடுக்கச் சொல்லி மூன்று தடவை கேட்டேன். எடுத்தார்கள். அதற்குள் அது வேறு பக்கங்களில் இருந்தது.

இதெல்லாம் நடந்து மாதத்துக்கு மேலாயிற்று. சென்ற வாரம் மாமியாரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. நல்ல தமிழில், பிழையில்லாமல், யாரோ மொழிபெயர்த்தது. குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல், கையில் வில், முதுகில் மூட்டை, சிவப்பு கவுன் அணிந்த நாலு வயதுச் சிறுமி. ஊர் மட்டும் மாறியிருந்தது, இப்போது அது திருநெல்வேலிக்குப் பக்கத்தில் நடந்திருந்தது. கீழே மாமியார் குரலில்: "அங்கயும் சுத்துதானாம்லா. பாப்பாவப் பத்திரமாப் பாத்துக்கோ, கேட்டியா."

உடனே கூப்பிட்டேன். என் மொழியில் முதல் தடவையாக, எதையும் அழித்து அழித்து எழுதாமல், மூச்சு விடாமல் சொன்னேன். அந்தப் பாப்பா கிடையாது அத்தை, சோறு ஊட்டுவதற்காக நான் சொன்ன கதை, நான்தான்.

மாமியார் "புள்ள சாப்பிட்டாளா அன்னிக்கு?" என்று கேட்டார்.

"சாப்பிட்டா."

"சரி விடு. நான் நம்ம தெரு குரூப்புல போட்டுட்டேனே. இனி எப்படி எடுக்க? ராத்திரியே எல்லாரும் பாத்துட்டாங்க."

போனை வைத்ததும் கணவர் வாங்கி வந்திருந்த எண்ணைத் தேடி எடுத்தேன். மாதத்துக்கு மேலாக அதைத் தொடவில்லை. அவர் எடுக்காவிட்டால் என்ன என்று பயம், எடுத்தால் என்ன சொல்வது என்றும் பயம். ஏழெட்டு முறை மணி அடித்தது. எடுத்தார். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை, "சால்ட் லேக் தீதியா?" என்றார். தீதி என்றால் அக்கா. ஹவுரா பக்கம் இருப்பதாகச் சொன்னார். நலமா என்று கேட்டேன். நலம்தான் என்றார். இந்தப் பக்கம் வருவதில்லையாம்.

"இப்பல்லாம் நரம்பச் சுண்டுறதில்ல தீதி. சத்தம் கேட்டா ஜன்னல்ல இருந்து போனத் தூக்குறாங்க. அதனால தளத்தி வச்சுட்டேன். சும்மா நடக்குறேன், யாராவது பாத்துக் கூப்பிட்டா போறேன்."

முதுகில் மூட்டையோடு சத்தமில்லாமல் சந்து சந்தாக நடக்கிற ஒரு மனிதரை நினைத்துப் பார்த்தேன். அது இன்னும் ஆபத்து இல்லையா? நரம்பைச் சுண்டுங்கள் என்று சொல்வதா, வேண்டாம் என்று சொல்வதா? எது சொன்னாலும், நாளைக்கு ஏதாவது ஆனால் அதுவும் என் வார்த்தையாகிவிடும்.

அதற்குப் பதிலாக மற்றதைச் சொன்னேன். அந்தப் பேச்சைக் கிளப்பியது நான்தான் என்று, தெரிந்த இந்தியில். என் மகளுக்குச் சோறு ஊட்டுவதற்காக என்று.

மறுமுனையில் ரயில் ஒன்று போகிற சத்தம் கேட்டது.

"இத எல்லார்கிட்டயும் சொல்லிட்டீங்களா தீதி?"

"சொல்லிட்டேன்."

"கேட்டாங்களா?"

"சில பேர்."

"அப்ப இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

மேஜையில் மகள் உட்கார்ந்திருந்தாள். கிண்ணத்தில் பாதிச் சாதம் அப்படியே இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டு, போனைத் திறந்து, எங்கள் தெருப் பெயரில் தொடங்கி, நடந்ததை மறுபடியும் எழுத ஆரம்பித்தேன்.